வெள்ளிக்கிழமை நாலு மணி

2020க்கு முன்னால் எங்கள் டீமைச் சேர்த்து வைத்திருப்பது யாருடைய வேலையாகவும் இருந்ததில்லை. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலக வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை அதைப் பார்த்துக்கொண்டது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தரம். யாராவது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு "போலாமா?" என்பார்கள். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஏழெட்டுப் பேர் சாலையைக் கடப்போம். யாருக்குச் சர்க்கரை கம்மி, யார் வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாருடைய அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்திருக்கிறார்கள், எந்த கிளையண்டின் பெயரை இன்பாக்ஸில் பார்த்தால் யாருக்கு வயிற்றைக் கலக்கும், எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். மத்தியானம் முழுக்க மீட்டிங் போட்டும் பிடிபடாத பக் ஒன்று, டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் பிடிபட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரோட்டோர டீக்கடையில் பெண்கள் நின்று டீ குடிப்பது அந்தச் சாலைக்கே புதுசு. எங்களுக்கு முன்னால் சேர்ந்திருந்த அக்காமார் இரண்டு பேர் கூச்சப்படாமல் நின்றதால் நாங்களும் நின்றோம். ஒரு டீமில் நாமும் ஒருவர் என்ற தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது, அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரைக் கையில் வாங்கியபோது அல்ல.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000இல். அதற்கடுத்த ஆண்டுகளில் பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. அந்த அலையில் சேர்ந்தவள் நான். ஆயுத பூஜை அன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். கீபோர்டின் மேல் செவ்வந்திப் பூ. செக்யூரிட்டி அண்ணன் வாசலில் பூசணிக்காய் உடைப்பார். பொரி, கடலை, வெல்லம் போட்ட பாக்கெட் ஒவ்வொரு மேஜைக்கும் வரும். பொங்கலுக்கு லிப்ட் வாசலில் கோலப் போட்டி. வருஷத்துக்கு ஒரு தரம் ஏலகிரிக்கோ ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது ரிசார்ட்டுக்கோ ஒரு பஸ் கிளம்பும். பஸ்ஸில் அந்தாக்ஷரி, திரும்பும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும்.

இவ்வளவு நெருக்கத்துக்கு நடுவே ஒருவர் மட்டும் எப்போதும் வெளியே இருந்தார். எங்கள் டீமின் டேட்டாபேஸ் ஆள் கோயம்புத்தூர் கிளையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் மீட்டிங் அறை மேஜையில் மூன்று கால் பரப்பி உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்பீக்கர் போன். நாங்கள் எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிப்போம். போனிலிருந்து "என்னங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்று வரும். "அப்புறம் சொல்றேன் சார்" என்போம். அப்புறம் யாரும் சொன்னதில்லை. ஏலகிரி பஸ்ஸிலும் அவருக்கு இடமில்லை, செலவுக் கணக்கு சென்னைக் கிளைக்கு மட்டும். நைட் ஷிப்ட் பார்த்தவர்களும் அப்படித்தான். கைக்குழந்தைக்காரிகளும் அப்படித்தான், இரண்டு நாள் வெளியூர் என்றால் அவர்கள் பெயரை நாங்கள் கேட்காமலே அடித்துவிடுவோம். டீக்கடை காலத்தைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் எல்லோரும் டீக்கடைக்கு நடந்து போக முடிந்தவர்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கான விதிகளைத் தளர்த்தியது. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144, நள்ளிரவிலிருந்து நாடே மூடியது. அந்தச் சில நாட்களில் அலுவலகம் மூட்டை கட்டிய வேகத்தை மறக்க முடியாது. லேப்டாப் இல்லாதவர்களின் மேஜைக் கம்ப்யூட்டர்களை அட்டைப் பெட்டியில் போட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் கேபிலேயே ஏற்றி அனுப்பினார்கள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் அப்படியே ஊருக்கும் போய்விட்டார்கள். ஒருவர் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம், ஒருத்தி திருத்துறைப்பூண்டி, ஒருவர் தேனி, ஒருவர் நாகர்கோவில். கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரிலேயே இருந்தார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்ற நிலை ஆகஸ்ட் கடைசி வரை நீடித்தது. தேனிக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து ரிலீஸ் முடித்தார், சிக்னல் அங்கேதான் கிடைத்தது.

வேலை நின்றுவிடும் என்று பயந்தோம், நிற்கவில்லை. பேச்சுதான் நின்றது. காலை ஸ்டாண்ட்-அப்பில் ஒவ்வொருவராக "நேத்து இது முடிச்சேன், இன்னைக்கு இது எடுக்கறேன், பிளாக்கர் இல்லை" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் எனக்கு ஒன்று உறைத்தது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் வருமானம் நின்றுவிட்டது, யார் ராத்திரி தூங்குவதில்லை, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம் எல்லோருடைய காலண்டரிலும் போட்டேன். நாலு மணி என்பது டீ நேரம். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதே மாதங்களில் உலகமே இதைச் செய்துகொண்டிருந்தது. ஜூமில் ஒரு நாளில் மீட்டிங்குகளில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை 2019 டிசம்பரில் ஒரு கோடி என்றால், 2020 ஏப்ரலில் முப்பது கோடியைத் தாண்டியது. அந்தக் கூட்டத்தில் எங்கள் ஹெச்.ஆரும் உண்டு. 'ஃபன் ஃப்ரைடே' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். யூனிட் முழுக்க இருநூறு பேர் ஒரே மீட்டிங்கில். எல்லோரும் கேமராவைப் போட வேண்டும், சொன்ன நிறத்தில் உடுத்தியிருக்க வேண்டும், ஒருவர் வினாடி வினா நடத்துவார், கடைசியில் எல்லோரும் கையசைக்க ஸ்க்ரீன்ஷாட். அதை நடத்திய இளம்பிள்ளைகள் நல்ல மனசோடுதான் உழைத்தார்கள். ஆனால் அது யாரையும் யாருடனும் சேர்க்கவில்லை. ஏன் என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தேன். பதில்கள் பிறகு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வந்தன.

எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு நடுவே விழும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டது. இணையத்தில் குரல் போய்ச் சேரும் தாமதம் அதன் மேல் ஏறும்போது அந்தத் தாளம் தட்டிப்போகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், இரண்டு பேரும் நிறுத்துவார்கள், "சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று இழுத்து, சொல்ல வந்த நகைச்சுவை செத்துவிடும். ஆறேழு பேர் என்றால் சமாளிக்கலாம். இருநூறு பேர் என்றால் ஒருவர் பேச நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் மியூட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேமராவைக் கட்டாயமாக்கியது இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வீடியோ மீட்டிங் களைப்புக்கு நான்கு காரணங்களை எழுதினார்: அளவுக்கு மீறி நெருக்கத்தில் கண்ணுக்குக் கண் பார்ப்பது, நாள் முழுக்க நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருப்பது, தலையாட்டல், முகபாவம் எல்லாவற்றையும் முயன்று செய்ய வேண்டியிருப்பது. அவரும் உடன் ஆய்வாளர்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டதில், மிகவும் களைத்துப்போவதாகச் சொன்ன பெண்கள் ஏழில் ஒருவர், ஆண்கள் இருபதில் ஒருவர். எனக்கு இதில் வியப்பில்லை. திருத்துறைப்பூண்டிப் பெண் ஃபன் ஃப்ரைடேவுக்கு வராமல் "நெட் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் உண்மை வந்தது. "ஒரே ரூம்தான்கா. பின்னாடி அப்பா படுத்திருப்பாரு. மேல ஓடு ஒழுகுற இடத்துல தார்ப்பாய் போட்டிருக்கோம். அதெல்லாம் ஏன்கா எல்லாரும் பாக்கணும்?" நியாயமான கேள்வி. ஓ.எம்.ஆர். கட்டடத்தில் அவளும் டைரக்டரும் ஒரே ஏ.சி.யில் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா அந்தச் சமத்துவத்தைப் பிடுங்கிக்கொண்டது. எங்கள் வெள்ளிக்கிழமையில் கேமரா அவரவர் இஷ்டம் என்று அன்றே முடிவாகிவிட்டது.

என்ன விளையாடுவது என்பதற்கு நாங்கள் எங்கும் போய்த் தேடவில்லை. முதல் நல்ல ஆட்டம் சிவகங்கைக்காரர் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய அப்பத்தா முடக்கக் காலத்தில் பேரப்பிள்ளைகளோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். "நம்ம டீமும் ஆடலாமே, கட்டை அப்பத்தா போடட்டும்" என்றார். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு முக்காலி, முக்காலிகளுக்கு நடுவே ஒரு மரச்சட்டம், சட்டத்தில் கவிழ்த்துக் கட்டிய போன். எங்களுக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் கட்டமும், ஓரத்தில் வந்து போகும் அப்பத்தாவின் கையும்தான். அணிக்கு ஒரு காய்: புளியங்கொட்டை, உடைந்த பச்சை வளையல் துண்டு, கூழாங்கல், சோழி. பித்தளைக் கட்டைகள் உருளும் சத்தம் போனில் கணீரென்று கேட்கும். கட்டையைக் கையில் தேய்த்துக்கொண்டே "யாருக்குப்பா போடுறேன் இப்ப?" என்பார். "கோயம்புத்தூருக்கு அப்பத்தா" என்போம். தாயம் விழாமல் காய் இறங்க முடியாது. கோயம்புத்தூர்க்காரருக்கு வெகு நேரம் தாயமே விழவில்லை. "அந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் விழ மாட்டேங்குது" என்று அப்பத்தா கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்ட, தாயம் விழுந்தது. அவர் அந்தப் பக்கம் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. எத்தனையோ வருஷம் ஸ்பீக்கர் போனில் "கேக்கலீங்க" என்று மட்டும் சொல்லிக் கேட்ட குரல் அது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அவருக்கும் ஒரே அளவுக் கட்டம், ஒரே தூரம்.

தாயம் ஏன் அவ்வளவு நன்றாக நடந்தது என்று பிறகு புரிந்தது. ஒருவர் பின் ஒருவராக முறை வரும் ஆட்டத்துக்கு இணையத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, பலகையை. நடுவே காய் வெட்டுப்படும்போது எழும் சச்சரவில் யாரும் கூச்சம் பார்ப்பதில்லை. இந்த மூன்றும் உள்ள எதுவும் எங்களுக்கு நடந்தது. தம்போலா நடந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண் என்று டிக்கெட்டை அவரவர் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி, எண்களைத் தேனிக்காரரின் ஆறு வயது மகள் கூப்பிடுவாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் கொடுத்துக்கொண்டே 'ஜல்தி ஃபைவ்' அடித்தாள். ஏலகிரி பஸ்ஸில் அவளுக்கு நாங்கள் இடமே போட்டதில்லை. படம் வரைந்து சினிமாப் பெயர் கண்டுபிடிக்கும் ஸ்க்ரிபிள் நடந்தது. டம்ப் ஷராட்ஸ் கேமரா போட விரும்பியவர்களுக்கு மட்டும். அந்தாக்ஷரி ஆளுக்கு ஒரு பாட்டாகப் பாடும்வரை சரி, எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்தால் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து விழும். பிறந்தநாளுக்கு ஒருவர் மட்டும் பாட வேண்டும், மற்றவர்கள் மியூட்டில் பாடிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தோம்.

அக்டோபரில் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, வெல்லம், ஒரு சின்னப் பொட்டலம் குங்குமம் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டி ஒவ்வொருவர் ஊருக்கும் கூரியரில் அனுப்பினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தார்கள். நாகர்கோவில்காரர் தன் அப்பாவின் தையல் மெஷினையும் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் அப்பா தையற்காரர் என்பது அத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு அவர் அப்பாவே பத்து நிமிஷம் பேசினார். ரவிக்கைத் துணியில் சென்டிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதை டெஸ்டிங் டீம் மொத்தமும் ஆர்வமாகக் கேட்டது.

இதெல்லாம் பொழுதுபோக்கு, வேலை நேர விரயம் என்று அப்போது சிலர் மேலிடத்தில் சொன்னார்கள். 2021 மே அவர்களுக்குப் பதில் சொன்னது. 10ஆம் தேதி முதல் தமிழ்நாடு மறுபடி மூடியது. சென்னையில் ரெம்டெசிவிருக்கு வரிசை, படுக்கைக்கு அலைச்சல். திருத்துறைப்பூண்டிப் பெண்ணின் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்த ராத்திரி அவள் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. டீம் குரூப்பில் ஒரு வரி போட்டாள். எவருடைய மாமா திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறார், எவருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கடைக்காரர் பழக்கம், யார் ராத்திரி முழித்திருப்பார் என்பதெல்லாம் அதற்குள் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. தாயம் ஆடும்போதும் தம்போலாவுக்கு நடுவிலும் பேசிய வீட்டுக் கதைகளில் தெரிந்துகொண்டவை அவை. கோயம்புத்தூர்க்காரர் விடிய விடிய போனில் உட்கார்ந்து படுக்கை பிடித்துக் கொடுத்தார். அப்பா பிழைத்தார். எங்களில் இன்னொருவருடைய அம்மா பிழைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லை. அவரும் வந்தார், கேமரா இல்லாமல். எல்லோரும் அவர் அம்மாவைப் பற்றிப் பேசினோம். எங்களில் ஒருவரும் அந்த அம்மாவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் தம்போலா நடக்கும்போது பின்னாலிருந்து "எண்ணைச் சத்தமா சொல்லச் சொல்லுடா" என்று அவர் அதட்டுவது எல்லோருக்கும் தெரியும்.

இனி இப்போதைய கதை. கட்டடத்துக்குத் திரும்பிவிட்டோம், வாரத்தில் மூன்று நாள், கார்டு தேய்த்த கணக்கு மேனேஜருக்கு மெயிலில் வரும். ஓ.எம்.ஆரில் பெருங்குடி முதலிய சுங்கச் சாவடிகள் 2021 ஆகஸ்டோடு போய்விட்டன, இப்போது மெட்ரோ ரயிலுக்காகச் சாலை நடுவே தூண்கள். டீக்கடை இருந்த இடத்தில் ஒரு கஃபே. டீமும் மாறியிருக்கிறது: பாதிப் பேர் இங்கே, சிலர் பெங்களூரு, சிலர் ஹைதராபாத், ஊரிலேயே தங்கிவிட அனுமதி வாங்கிய இரண்டு பேர் வீட்டில். மீட்டிங் அறையில் இப்போது ஸ்பீக்கர் போன் இல்லை, சுவர் அகலத்துக்கு ஒரு திரையும் கூரையில் மைக்கும் இருக்கின்றன. அறைக்குள் ஆறு பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறோம். திரையின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களில் மற்றவர்கள். அறைக்குள் ஒருவர் மெதுவாக ஏதோ சொல்கிறார், சிரிக்கிறோம். போன மாதம் அப்படிச் சிரித்தபோது திரையிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்ன ஜோக்குங்க? கேக்கலீங்க."

அதே ஆள். அதே வாக்கியம். நடுவில் கழிந்த அந்த இரண்டு வருஷத்தில் மட்டும்தான் அவர் முழுசாக டீமில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு மனசை அறுத்தது.

தூரம்தான் டீமைப் பிரிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, சிலர் கிட்டேயும் சிலர் தூரத்திலும் இருப்பதுதான் பிரிக்கிறது. எல்லோரும் தூரத்தில் இருந்தபோது ஒருவருக்கும் குறை தெரியவில்லை. தூரத்தில் இருப்பவரைத் தனியாக விடாத வழிகளை யோசித்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை என்ற யோசனைக்கு 1973இல் 'டெலிகம்யூட்டிங்' என்று பெயர் வைத்த அமெரிக்கர் ஜாக் நில்ஸ், ஆளைத் தனியாக வீட்டில் உட்கார வைப்பதை முதலில் சொல்லவில்லை. ஊழியர்களின் வீட்டுக்கு அருகே சின்னச் சின்னக் கிளை அலுவலகங்கள் என்பதுதான் அவர் முதலில் பரிசோதித்துப் பார்த்தது. ஸோஹோ தென்காசி மாதிரி ஊர்களில் அலுவலகம் வைத்ததும் அந்த வழிதான், அங்கே பக்கத்தில் இன்னொரு மனித முகம் இருக்கிறது. கிட்லேப் கம்பெனிக்கு அலுவலகமே கிடையாது. சும்மா பேசுவதற்காகவே நேரம் ஒதுக்கச் சொல்லி, அதை விதிப்புத்தகத்தில் எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கம்பெனியில் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பவர்களை ஒரே ஊருக்கு வரவழைத்துக் கூடிக் கழிக்கும் வழக்கம் உண்டு. வழிகள் வேறு, ஆனால் மூன்று கம்பெனிகளும் பேச்சு தானாக நடக்கும் என்று விட்டுவிடவில்லை. தானாக நடக்காது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல் தொடர்பை 2020இன் முதல் பாதியில் ஆராய்ந்ததில், முழுக்க வீட்டு வேலைக்கு மாறியதும் பழகியவர்களோடே பேச்சு இறுகி, குழுக்களுக்கு நடுவே இருந்த பாலங்கள் குறைந்துபோயின என்று தெரியவந்தது. டீம் மாறிப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய இழப்பு.

இன்று ஃபன் ஃப்ரைடே நடத்த வெளியே கம்பெனிகள் இருக்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் வினாடி வினா, கொலை மர்மம், மேஜிக் ஷோ எல்லாம் திரையில் நடத்தித் தருகிறார்கள். முடிந்ததும் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கேட்டு ஒரு படிவம். அந்த நட்சத்திரங்களைக் கூட்டி 'என்கேஜ்மென்ட் ஸ்கோர்' என்று காலாண்டு ஸ்லைடில் போடுகிறார்கள். இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்று மேனேஜர் பார்க்கும் படிவத்தில் எழுத வேண்டிய நேரத்தில் யாரும் உண்மையாக மகிழ்ச்சியாக இருக்க மாட்டார்கள். அப்பத்தாவின் தாயத்துக்கு யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. சனிக்கிழமையில் வைப்பதையும் எதிர்க்கிறேன், ஆள் குறைந்தால் கேள்வி கேட்பதையும் எதிர்க்கிறேன். வராதவரைத் திங்கட்கிழமை ஒரு ஆள் தனியாகக் கூப்பிட்டு "எப்படி இருக்கே?" என்று கேட்பதை மட்டும் விடக் கூடாது என்பேன். எங்கள் டீமில் அந்தப் பொறுப்பு மாதாமாதம் கைமாறும், ஆட்டத்தை நடத்துகிறவரே கூப்பிடவும் வேண்டும்.

அந்தச் சிரிப்புக்கு மறுவாரமே வெள்ளிக்கிழமைக்குப் புது விதி கொண்டுவந்தோம். ஒருவர் தூரத்தில் இருந்தாலும் எல்லோரும் தூரத்தில் இருப்பதாகவே வைத்துக்கொள்வது. அலுவலகத்தில் இருப்பவர்களும் மீட்டிங் அறைக்குப் போகக் கூடாது. அவரவர் சீட்டில், அவரவர் லேப்டாப்பில், அவரவர் ஹெட்செட்டில் சேர வேண்டும். பக்கத்து டீமில் இருப்பவர்கள் வந்து விநோதமாகப் பார்க்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் திரையைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு தாயம் ஆடுகிறார்கள் என்றால் பார்க்கத்தானே செய்வார்கள். ஒரு டைரக்டர் நின்று "எழுந்து ஒரு ரூமுக்குப் போய் ஆடலாமே" என்றார். "போனா கோயம்புத்தூர் வெளிய போயிடும் சார்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சிவகங்கைக்காரர் கட்டையை உருட்டப் பன்னிரண்டு விழுந்து, கோயம்புத்தூர்க் காய் பழமானது. அப்பத்தாவுக்கு இப்போது கண் தெளிவில்லை, பேரன்தான் உருட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து என்ன விழுந்தது என்று கேட்டுக்கொள்வார்.

புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், ஊர் தூத்துக்குடிப் பக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் தண்ணீர் சூழ்ந்து, போனும் செத்து, தனியாக மாட்டிக்கொண்டவன். சென்னை வேண்டாம் என்று ஊருக்குப் போய் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான். முதல் வாரங்களில் வெள்ளிக்கிழமை வருவான், பேச மாட்டான். இந்த மாதம் ஆட்டம் நடத்தும் முறை அவனுக்கு. என்ன ஆட்டம் என்று இன்னும் சொல்லவில்லை. எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டையோ சோழியோ தயாராக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறான், பல்லாங்குழியாக இருக்கலாம். மேலிடத்தில் நான் இப்போது கேட்டிருப்பது ஒன்றுதான்: டைம்ஷீட்டில் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு கோட் வேண்டும், 'இதர' என்ற தலைப்பில் ஒளித்து எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். மறுபடி கேட்பேன்.